காணிக்கையாகப் போன காப்பிச் செடி

என் பெயர் ஜெபஷீலா. போடியில் வந்து இரும்புக்கடை ஜோயல் வீட்டம்மா எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். டாக்டர் ஜெபஷீலா எங்கே என்று கேட்டால், எந்த ஆஸ்பத்திரி என்று திருப்பிக் கேட்பார்கள். தாவர உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தால் எங்கள் தெருவுக்குக் கிடைத்த ஒரே பயன், பக்கத்து வீட்டு மலையம்மாள் தன் ரோஜாச் செடியில் பூச்சி விழுந்தால் என்னைக் கூப்பிடுவதுதான். நானும் போய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பேன். "தெரியலக்கா, மருந்துக் கடையில கேட்டு அடிங்க" என்பேன். "பின்ன என்னத்தத்தான் படிச்சவ நீ?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

நான் படித்ததெல்லாம் இலைக்கு உள்ளே இருக்கிறது. இலைக்குப் பச்சை நிறம் தருகிற பசுங்கணிகங்கள், அவற்றுக்குள் எக்கச்சக்கமான புரதங்கள், அவற்றில் டி-ஒன் என்று ஒரே ஒரு புரதம். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற நேரம் போக, மீதி நேரமெல்லாம் அந்த ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். இலையை ஐஸில் வைத்து அரைத்து, வடிகட்டி, மெஷினில் சுற்றவிட்டு, இன்னும் என்னென்னவோ செய்தால் கடைசியில் எக்ஸ்ரே மாதிரி ஒரு படத்தில் எறும்பு நீளத்துக்குக் கறுப்புக் கோடு விழும்; அதுதான் டி-ஒன். கோடு தடிமனாக விழுந்தால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை. ஒருமுறை ஜோயல் பெருமையாக அந்தப் படத்தைத் தன் அத்தையிடம் காட்டினார். "யாருக்குய்யா முதுகெலும்பு போச்சு?" என்று பதறிவிட்டார் அத்தை.

இப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. குரங்கணி ரோட்டோரத்தில், பட்டப்பகல் வெயிலில், தானாக முளைத்து நின்ற ஒரு காப்பிக் கன்று. காப்பி நிழலில் வளர்கிற செடி. மொட்டை வெயிலில் நின்றால் இலை வெளுத்துக் கருகிவிடும். இதுவோ கரும்பச்சையாக, ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. வேரோடு பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தேன். இலையிலிருந்து பொட்டு அளவு வெட்டி வெட்டிப் பார்த்ததில், வெயில் ஏற ஏற மற்றச் செடிகளில் என்னுடைய கறுப்புக் கோடு மங்கியது. இதில் மட்டும் மங்கவேயில்லை. அன்று ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று கைதட்டினேன். வெளியே போன வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

அது ஒற்றைச் செடி. இன்னும் பூக்கவில்லை, விதை கிடையாது. அது போனால் என் ஆராய்ச்சியும் போயிற்று. லீவு நாளில் கல்லூரியில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து வைத்தேன். பாதுகாப்பாக வைத்தேனாம்!

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் தொழிலில் விளைந்ததைப் பீடத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். தோட்டக்காரர்கள் வாழைத்தார், கரும்பு, சேவல் கொண்டுவருவார்கள். எங்கள் கடையிலிருந்து பூட்டும் பிளாஸ்டிக் வாளியும் போகும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எனக்கென்று விளைச்சல் ஏது? கறுப்புக் கோட்டையா படைக்க முடியும்? வருடா வருடம் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி, நானே விளைவித்த முகத்தோடு வைத்துவிட்டு வருவேன்.

இந்த வருடம் கொஞ்சம் தாமதமாகக் கோயிலுக்குள் நுழைந்தேன். பீடத்துக்கு முன்னால், சேவலுக்கும் கரும்புக் கட்டுக்கும் நடுவில், கழுத்தில் செவ்வந்தி மாலையோடு என் காப்பிச் செடி நின்றுகொண்டிருந்தது. இலைகள் பளபளவென்று மின்னின. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார் ஜோயல். இலை மூச்சுவிடுகிற துளையெல்லாம் அடைத்துப் போயிருக்கும். எனக்கு மூச்சு அடைத்தது.

"யாரக் கேட்டு எடுத்துட்டு வந்தீங்க?" என்று அவர் காதருகே சீறினேன்.

"உன் கையால வளந்தது அது ஒண்ணுதானே ஷீலா. நல்லதத்தானே படைக்கணும்?" என்றார் ஜோயல். முகமெல்லாம் பெருமை. இந்த மனுஷனைக் கடிக்கவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை. பத்து வருடத்தில் என் வேலையை ஒரு பொருட்டாக மதித்துத் தூக்கி வந்திருக்கிறார், அதுவும் இப்படி.

படைத்ததைத் திரும்ப எடுக்கிற வழக்கமில்லை. ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். காயில்லாத செடிக்கு யார் போட்டி போடப்போகிறார்கள்? அன்றைய பிரசங்கத்தில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

ஏலம் விடுகிறவர் ஸ்டான்லி அண்ணன். ஏலக்காய், மிளகு புரோக்கர். குரல் மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் கேட்கும். "டீச்சர் குடுத்த காப்பிச் செடி! யாரு கேக்குறாக?"

"காய் இருக்காண்ணே?" என்றது ஒரு குரல்.

"காயும் இல்ல, பூவும் இல்ல. தொட்டி நல்ல தொட்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே "நூறு" என்றேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்டான்லி அண்ணன் புரோக்கராயிற்றே, கண்ணைச் சுருக்கினார். "குடுத்தவுகளே கேக்குறாகன்னா செடியில என்னமோ இருக்கு. டீச்சர், இங்கன வாங்க. இது என்ன ஏதுன்னு சபைக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

ஆசையாக வளர்த்த செடி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கோ மைக்கைக் கண்டால் புத்தி தங்காது. முதலில் டி-ஒன், ஒளித்தொகுதி என்று ஆரம்பித்தேன். சபை கொட்டாவி விட்டது. ரோஷம் வந்துவிட்டது எனக்கு.

"இந்தா பாருங்க, வீட்டுல கரண்டு கூடினா பியூஸ் போகுதுல்ல? இலைக்குள்ளயும் அப்படி ஒரு பியூஸ் இருக்கு. வெயில் அடிக்க அடிக்கப் போய்க்கிட்டே இருக்கும், செடி புதுசு மாட்டிக்கிட்டே இருக்கும். காப்பிச் செடிக்கு வெயில் கூடினா மாட்டுற வேகம் பத்தாது. அதான் இலை வெளுத்துப் போகுது. இந்தச் செடி மட்டும் போகப் போக மாட்டிருது. வெயிலுக்கு அசரல."

கோயில் அமைதியானது. கல்லூரியில் எத்தனை வகுப்பு எடுத்திருக்கிறேன், ஒருநாளும் அப்படியொரு அமைதியைப் பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அன்னத்தாய் அக்கா எழுந்தார். குரங்கணிக்கு மேலே சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். போன காற்றுக் காலத்தில் அவருடைய சில்வர் ஓக் மரங்களெல்லாம் சாய்ந்து, நிழலில்லாமல் தோட்டமே வெந்து கிடக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

"அப்ப மரம் இல்லாத எடத்துலயும் இது வருமா டீச்சர்?"

"வர... வாய்ப்பிருக்குக்கா."

"ஐந்நூறு" என்றார் அன்னத்தாய் அக்கா.

"ஆயிரம்" என்றார் பின்வரிசையில் இன்னொரு தோட்டக்காரர். அதற்கப்புறம் விலை ஏறிக்கொண்டே போனது. சேவலைக்கூட அப்படி யாரும் கேட்டதில்லை. என் ஆராய்ச்சியை ஒரு ஆளாவது புரிந்துகொள்ள வேண்டும் என்று எத்தனை நாள் ஜெபித்திருப்பேன். கேட்டது கிடைத்தது, கிடைத்த நேரம்தான் சரியில்லை. நானும் விடாமல் ஏற்றிக்கொண்டே போனேன். அன்னத்தாய் அக்கா கடைசியில் சொன்ன தொகை என் எத்தனை நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். ஸ்டான்லி அண்ணன் யார் கணக்குக்கும் காத்திருக்கிறவர் இல்லை. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

ஏலம் முடிந்து சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பந்தியில் ஜோயல் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு ஓடினேன். அன்னத்தாய் அக்கா தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"நீ சொன்னது நெசந்தான ஆத்தா? திருப்பூர்ல இருக்க எம்மவன் தோட்டத்த வித்துருவோம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இதப் பெருக்கி வச்சாத் தோட்டம் தேறிரும்னு அவன்கிட்டச் சொல்லிறவா?"

பொய் என்று சொன்னால் செடி என் கைக்கு வந்துவிடும். நிஜம் என்று சொன்னால் சபையில் என் பேர் நிலைக்கும். இரண்டுமே நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

"தெரியலையா? அம்புட்டு நேரம் பேசுன?"

"இந்த ஒரு செடி தாங்குது. இது பூத்து, காய்ச்சு, அந்த விதையில வர்ற கன்னும் தாங்குதான்னு பாத்தாத்தான் சொல்ல முடியும். நாலஞ்சு வருஷம் ஆகும். அப்பவும் இல்லைன்னு ஆகலாம்."

அன்னத்தாய் அக்கா என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். செடியின் மாலையைச் சரிசெய்தார். பிறகு தொட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"அப்ப இங்கன என்ன பண்ற? போயி வேலையப் பாரு."

"அக்கா, நீங்க குடுத்த பணம்..."

"அது சாமிக்குக் குடுத்தது. ஒங்கிட்ட யாரு கேட்டா?"

"மகன்கிட்ட என்ன சொல்லுவீக?"

"டீச்சர் பாத்துக்கிட்டிருக்கு, பொறுடான்னு சொல்லுவேன்."

ஜீப் நகர ஆரம்பித்தது. இதுவரை என் கணக்கு தப்பாகப் போனால் ஒரு கறுப்புக் கோடு மங்கும், அவ்வளவுதான். "என் கணக்கு தப்பாப் போயிட்டா என்னக்கா பண்ணுவீக?" என்று ஜீப்போடு சேர்ந்து நடந்துகொண்டே கேட்டேன்.

"காப்பித் தோட்டம் போட்டவளுக்கு எந்த வருஷம் சரியாப் போச்சு? நீ பாரு, நான் இருக்கேன்" என்றார்.

ஜீப் மலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. மாலை போட்ட செடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, கோயில் வாசலில் நின்று அழுதேன்.