சுண்ணாம்பு டப்பாவும் ஒன்பது சவுக்கு மரங்களும்

போன வாரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒரு டப்பாவைப் பார்த்தேன். அவ்வளவுதான்... வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

சாதாரணத் தகர டப்பாதான். வனவியல் படிக்கிற மாணவர்கள் ஏழெட்டுப் பேர் ரயிலைவிட்டு இறங்கினார்கள். காக்கி அரைக்கால் சட்டை, புத்தம் புது பூட்ஸ், தோளில் அளவுச் சங்கிலி, தலைக்கு ஒரு தொப்பி. ஏதோ ஊரைப் பிடிக்க வந்த பட்டாளம் மாதிரி பிளாட்பாரத்தில் நின்றார்கள். அதில் ஒல்லியாக இருந்தவர் கையில்தான் அந்த டப்பா.

"தம்பி, அதிலே என்ன?"

"சுண்ணாம்பு சார். அளந்த மரத்துக்கு அடையாளம் வைக்க."

போச்சுடா!

அவர்களை அழைத்துப்போகும் மாட்டுவண்டி வர அரைமணி ஆகும் என்றார்கள். அந்த அரைமணி நேரமும் அவர்களை நான் விடவில்லை. அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். வாராவாரம் என் புலம்பலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள், இதையும் கேளுங்கள். காட்டுப் படிப்புக்குப் போகிற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முந்தி நானும் அதே காக்கி, அதே தொப்பி. ஊருக்கு ஊர் மரம் நடுவிழா அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்த சமயம். மரத்தைப் பற்றி இந்தத் தேசத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு நினைப்பு. மார்கழி மாதத்தில் ஒரு மாத முகாம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில், காசிம் பாய் என்பவருடைய சவுக்குத் தோப்பு. மாணவர்கள் மொத்தம் பதினொரு பேர். பள்ளிக்கூடக் கொட்டகை ஒன்றில் தங்கியிருந்தோம்.

வேலை என்ன? ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் மார்பளவு உயரத்தில் அளந்து எழுத வேண்டும். மார்பளவு என்றால்... யார் மார்பு? என் ஜோடி ராமநாதன் ஆறடி. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். இரண்டு நாள் அவரவர் மார்புக்கு அளந்துவிட்டு, கணக்கு ஏன் உதைக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். அப்புறம்தான் நாலரை அடிக்கு ஒரு கழியை வெட்டிக்கொண்டோம். மாணவர்களே, முகாமுக்குப் போன முதல்நாளே அந்தக் கழியை வெட்டிக்கொள்ளுங்கள். நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். ஏரிக்கரைப் பனியில் இங்க் எழுத்து காலையில் மேகமாகிவிடும். புது பூட்ஸ் வேண்டாம். மணலில் நடந்தால் கால் புண்ணாகும்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே மரத்தை இரண்டு தடவை அளந்துவிடாமல் இருக்க, அளந்தவுடன் அதில் ஒரு குறி போடவேண்டும். சாக்பீஸ் கொண்டுபோயிருந்தோம். சவுக்குப் பட்டையின் சொரசொரப்பில் அது நிற்கவில்லை. மிச்சமிருந்ததும் பனியில் கரைந்தது. நான்தான் மூளைக்காரன் ஆயிற்றே! அந்தப் பக்கம் ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு நல்ல சுண்ணாம்பு எடுப்பார்கள். ஒரு டப்பா வாங்கிக் குழைத்து, தோப்பின் கிழக்கு ஓரத்தில் மூன்று வரிசை மரங்களுக்கும் நெஞ்சு உயரத்தில் பட்டை பட்டையாகப் பூசிவிட்டேன். வெள்ளைவெளேர் என்று வரிசையாக... பார்க்கவே அழகு! பேராசிரியர் இரண்டு நாள் வேலையாகப் பட்டணம் போயிருந்தார். திரும்பி வந்து முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்து நாஷ்டாவுக்கு உட்காரும்போது தோப்பிலிருந்து சத்தம். கோடரிச் சத்தம். கூடவே ஒரு பெண்ணின் குரல்.

ஓடினோம்.

கிழக்கு ஓரத்தில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஒன்று, இரண்டு... ஒன்பது. வெட்டும் ஆட்கள் நாலு பேர் திருதிருவென்று விழித்தபடி நின்றார்கள். அவர்களுடைய மேஸ்திரி முனுசாமி வெறுங்கையோடு நின்றார். அவருடைய கோடரியைப் பிடுங்கித் தரையில் போட்டு, அதன்மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மாள்.

அவர் பெயர் கன்னியம்மா. அந்த மூன்று வரிசைக்கு மேற்கே ஒட்டினாற்போல இருக்கிற முக்கால் ஏக்கர் நெல்வயல் அவருடையது. வீட்டுக்காரர் கால்வாய்ப் படகில் வேலைக்குப் போய்விடுவார். வயல் முழுக்க இவர் பாடு.

"இன்னா முனுசாமி, உனுக்குக் கண்ணு கீதா இல்லியா? இந்த வரிசையில என்னிக்காவது கை வெச்சிருக்கியா நீ?"

"நான் இன்னாம்மே பண்றது? குறி போட்டுக்கீதே! பாய் குறி போட்டா வெட்டணும். போடலன்னா தொடக்கூடாது. இத்தினி வருசமா அதானே நடக்குது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காசிம் பாய் ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டில் இருக்கிறவர். தோப்புக்கு எப்போதாவது படகில் வருவார். வெட்டவேண்டிய மரங்களுக்குத் தம் கையாலேயே சுண்ணாம்புப் பட்டை பூசிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் முனுசாமி ஆட்கள் வந்து பட்டை பூசிய மரங்களை மட்டும் வெட்டுவார்கள். பேச்சே கிடையாது. அந்த வாரம் பாய் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாராம். குறியைப் பார்த்தவுடன், வந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துவிட்டார் முனுசாமி.

ராமநாதன் என்னைப் பார்த்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கன்னியம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"கையக் காட்டு நைனா."

காட்டினேன். நக இடுக்கெல்லாம் சுண்ணாம்பு.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மணிக்கட்டைப் பிடித்து வரப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு கதிரைப் பறித்து, ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினார். பால் மாதிரி வெள்ளையாக வந்தது.

"இப்பதான் பால் புடிச்சிக்கீது. இன்னும் இருவது நாளாவணும் மணி கெட்டியாவறதுக்கு. அதுக்குள்ள ஏரி மேலேர்ந்து வர்ற உப்புக் காத்து பட்டுதுன்னா எல்லாம் பதரு. அதுக்குத்தான் பாய் அந்த மூணு வரிசைய வெட்டாம உடறேன்னு எனுக்கு வாக்கு குடுத்தாரு. நீ இன்னாடான்னா ஊடு பூந்து கதவப் பேத்து எடுத்துட்டியே!"

ஒன்பது மரம் போன சந்து வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. என் முகத்தில் அடித்தது. உதட்டை நாக்கால் தொட்டேன் — கரித்தது. வரப்போரத்துக் கதிர்கள் அப்போதே ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடின. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இந்த விஷயத்தை முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா..." என்று இழுத்தேன்.

"நாலு நாளா இந்த வரப்பு மேலதானே போய்க்கினு வந்துக்கினு இருந்தே? நீ கேட்டியா?"

கேட்கவில்லை. சவுக்குக்கு லத்தீன் பெயர் தெரியும். எத்தனை வருஷத்தில் எவ்வளவு உயரம் போகும் என்று தெரியும். அந்த வரிசையை ஏன் இத்தனை நாள் யாரும் தொடவில்லை என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

மத்தியானம் பாய் படகில் வந்து இறங்கினார். யாரையும் பார்த்துக் கத்தவில்லை. விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். முனுசாமி ஏதோ சொல்ல வந்தபோது, "உன் மேல தப்பு இல்லப்பா" என்று கையமர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதி அனுப்பினா யாரும் படிக்க முடியாது. அந்தச் சுண்ணாம்புதான் என் கையெழுத்து. நீங்க என் கையெழுத்தைப் போட்டுட்டீங்க."

போலீஸில் பிடித்துக்கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"கல்லூரிக்கு எழுதப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதினா அந்தம்மா வயலுக்குக் காத்து நின்னுடுமா? வாக்கு குடுத்தவன் நான். வெட்டினது வெட்டினதுதான். விழுந்த மரத்தையே தூணா நட்டு, பனையோலையைக் கட்டி மறைங்க. அறுப்பு வரைக்கும் அது நிக்கணும். அதுக்கு நீங்க பொறுப்பு."

பதினொரு பேரும் இறங்கினோம். நான் வெட்டவைத்த மரங்களே தூண்கள். ஓலையை நெருக்கி நெருக்கி, ஒரு பொட்டுக் காற்று புகாமல், சுவர் மாதிரித் தட்டி கட்டினோம். சாயங்காலம் தள்ளிநின்று பார்த்து மெச்சிக்கொண்டோம். மறுநாள் காலை... மொத்தமும் தரையில் கிடந்தது!

கன்னியம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "இன்னா பேஜாரு இது! இப்பிடி அடைச்சி வெச்சா காத்து தள்ளாம இன்னா பண்ணும்? சந்து உட்டுக் கட்டுங்க நைனா. கொஞ்சம் பூந்து போனாத்தான் அது வேகம் அடங்கும்."

ராமநாதன் என் விலாவில் இடித்தான். காற்றுத் தடுப்பு வரிசைக்கு இடையே இடைவெளி வேண்டும் என்பது எங்கள் பாடம். நான் அதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். எழுதின கைக்கே தெரியவில்லையே, என்ன செய்ய?

சந்து விட்டுக் கட்டினோம். நின்றது.

பேராசிரியர் திரும்பி வந்தார். நடந்ததை நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுங்கள், மாணவர்களே. அது மானத்துக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது. அவர் நேராகப் போய்த் தட்டியை ஆட்டிப் பார்த்தார். "முகாம் முடிந்தாலும் நீ இங்கேயே இருந்து தட்டியைப் பார்த்துக்கொள்" என்றார். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. காலையும் மாலையும் கயிறு அவிழ்ந்திருக்கிறதா, ஓலை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் தூக்கம் வராது. தினம் ஒரு நெல்லை நசுக்கிப் பார்ப்பேன். பால்... பால்... பிறகு மாவு... ஒருநாள் நகத்துக்கு மசியவில்லை. அரிசி! வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கன்னியம்மா தூரத்திலிருந்து பார்த்துச் சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

அறுவடை அன்று தூற்றும்போது நானும் களத்தில் நின்றேன். வயல் பிழைத்துவிட்டது. ஆனால் முழுவதும் இல்லை. சந்துக்கு நேராக இருந்த ஒரு துண்டு, தட்டி கட்டுவதற்குள் காற்று வாங்கிய பகுதி — பதர்தான். கன்னியம்மா அதைத் தனியாகத் தூற்றினார். ஒரு கைப்பிடி அள்ளி என் கையில் வைத்தார்.

"இது உன் பங்கு. எடுத்துக்கினு போ."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. அந்தப் பதரைச் செய்முறை நோட்டில், சுற்றளவு அட்டவணைக்கு எதிர்ப்பக்கத்தில் பசைபோட்டு ஒட்டினேன். தேர்வாளர் "இது என்ன?" என்றார். "அளக்க மறந்தது, சார்" என்றேன். அவர் எவ்வளவு மார்க் போட்டார் என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்ததும் ஒன்பது கன்றுகளை எடுத்துக்கொண்டுபோய் அந்தச் சந்தில் நட்டேன். மழை நின்ற மாதங்களில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது யார் என்கிறீர்கள்? கன்னியம்மாதான். இப்போது அவை தென்னை உயரத்துக்கு நிற்கின்றன. ஊரில் அவற்றுக்கு 'காலேஜ் மரம்' என்று பெயர். பாய் குறிபோட வரும்போது அந்தப் பக்கமே போவதில்லை.

இவ்வளவையும் கேட்டு முடித்த அந்த ஒல்லி மாணவர் டப்பாவை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

"அப்போ சுண்ணாம்பே பூசக் கூடாதா, சார்?"

"தாராளமாகப் பூசுங்கள். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், இந்த ஊரில் மரத்துக்குக் குறி போடுகிறவர் யார், எதற்குப் போடுகிறார் என்று கேட்டுவிட்டுப் பூசுங்கள். தோப்புக்காரரை மட்டும் கேட்டால் போதாது. பக்கத்து வயலில் குனிந்து களை எடுக்கிறவர்களையும் கேளுங்கள்."

வண்டி வந்துவிட்டது. அவர் டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏறினார். எனக்கு மூச்சு வந்தது.

நானும் அன்று அந்தத் தோப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு ஒருதரம் போவது வழக்கம். கன்னியம்மா மோர் கொடுப்பார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வரப்பில் கால் வைத்தவுடனே, "கையக் காட்டு நைனா" என்பார்.

அதனால் அந்த ஒருநாள் மட்டும் நான் வெற்றிலை போடுவதில்லை!