டெஸ் ஒரு வருடம் காத்திருந்தாள்

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் நாலரை வயதிலும் பள்ளியில் சேர்க்கலாம், ஒரு வருடம் தள்ளியும் சேர்க்கலாம். என் பக்கத்து வீட்டுக்காரி கெரின், மூத்தவன் ஹேமிஷை நாலரை வயதிலேயே பள்ளிக்கு அனுப்பினாள். எதிர்வீட்டு லியான் தன் மகனை ஒரு வருடம் நிறுத்திவைத்து அனுப்பினாள். ஒரே வகுப்பில் இருந்த அந்தத் தடியன் ஹேமிஷைத் தினமும் அடித்தான். கெரின் கேட்கப் போனாள்.

"உன் புள்ள நோஞ்சான்டி, நான் என்ன செய்ய?" என்று லியான் சிரித்தாள்.

கெரின் மறக்கவில்லை. வேலைக்குப் போகவேண்டிய லியான் தன் கடைக்குட்டியைச் சீக்கிரமே சேர்த்தபோது, முந்தைய வருடமே சேர்ந்திருக்கவேண்டிய தன் மகள் டெஸ்ஸை கெரின் அதே வகுப்பில் சேர்த்தாள்.

பள்ளி ஓட்டப் பந்தயத்தில் டெஸ் முதலில் வந்தாள். லியானின் மகள் பாதியில் உட்கார்ந்து அழுதாள்.

"வெக்கமா இல்லியாடி? அவ ஒரு வயசு பெரியவ!"

"தெரியும். அதுக்குத்தானே நிறுத்தி வெச்சேன்," என்றாள் கெரின்.

அவளுக்கு இரக்கமே வரவில்லை. மைதானத்தில் விற்ற, சாசேஜ் என்ற இறைச்சிக் குழலைச் சுருட்டிய ரொட்டியை வாங்கி, லியான் பார்க்க நிதானமாகத் தின்றாள்.