சுற்றியிருந்த நல்ல கலங்கள்

எண்பதுகளின் நடுவில் நான் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில், பெண்களின் மார்பிலிருந்து எடுத்த கலங்களை, அதாவது உயிரணுக்களை, கிண்ணத்தில் வளர்த்துக்கொண்டிருந்தேன். கல்முனையில் எங்கள் வளவுப் பெண்களுக்கு இது பெரிய பகிடி. "ஊருல இல்லாத வேலை! உன்ட மூத்தவள் சீமையில போய் மார்பு பயிர் பண்றாளாமே" என்று உம்மாவைச் சீண்டுவார்கள். உம்மா வெட்கப்பட்டு, மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று பொய் சொல்லி வைத்திருந்தார்.

பயிர் என்றதில் ஒன்றும் பிழையில்லை. அந்தக் கலங்களைத் தனியே விட்டால் எவ்வளவு ஊட்டினாலும் வாடிப்போகும். மார்பில் அவற்றைத் தாங்கி நிற்கும் தொடுப்பிழையத்தின் கலங்களை அடியில் பரப்பி, மேலே இவற்றை விட்டால் தழைத்துவிடும். அந்த அடிக்கலங்கள் இருந்த திரவத்தை வடித்து ஊற்றினாலும் போதும். அவை சுரந்துவிடும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். பெண் பிள்ளை குமராகும்போதும், பிறகு பிள்ளை உண்டாகும்போதும் மார்பு வளர்வது இந்த அக்கம்பக்கத்தின் பேச்சையும் கேட்டுத்தான். புற்றுக்கட்டி ஒன்று வந்தால் அதற்கும் அவை இதே உபகாரத்தைச் செய்கின்றனவா என்பதுதான் எங்கள் கேள்வி. செய்கின்றன என்பதைத்தான் நான் கிண்ணம் கிண்ணமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சியின் கணவரை வட்டையில் வயல் பார்க்கப் போன இடத்தில் பாம்பு கடித்தது. அவர் மௌத்தான செய்தி கிடைத்து நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவளுக்கு மார்க்கம் விதித்தபடி நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், வெள்ளைச் சேலையோடு, உள்ளறையில். மடியில் அண்மையில்தான் பால் மறந்த மகள்.

ஒரு பகல் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள்.

"ராத்தா, நீ இதத்தானே படிக்கிறாய். இது என்னண்டு பாரு."

விரலில் கல்லுப்போல ஒன்று தட்டுப்பட்டது. அசைத்தால் அசையவில்லை. அதன் மேல் தோல் உள்ளே இழுபட்டிருந்தது.

"நாளைக்கு விடிய ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றேன்.

"இத்தா முடியட்டும், ராத்தா."

"உனக்கென்ன விசரா?"

சத்தம் கேட்டு உம்மா வந்தார். பால் கட்டியிருக்கிறது, பிள்ளை மறந்தால் இப்படித்தான் கட்டும் என்றார். வெந்தயம் அரைத்துச் சூடாகப் பற்றுப் போட்டார். இளைத்துவிட்டாள் என்று தினமும் கோழி சூப், அவித்த முட்டை.

நான் மௌலவியையே அழைப்பித்தேன். அவர் வாசலில் நின்றபடி தெளிவாகச் சொன்னார்: "மருந்துக்குப் போக மார்க்கத்துல தடையில்ல. தாமதிக்காமக் கூட்டிப் போங்க." அல்ஹம்துலில்லாஹ், வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளே போனால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அவரு உசிரோட இரிக்கக்குள்ள நான் அவருக்கு என்னத்தச் செஞ்சன்? இப்ப இது ஒண்டுதான் இரிக்கி. அதையும் பறிக்காத, ராத்தா."

"அவள்ட மனச நோகடிக்காத, புள்ள. இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று உம்மாவும் அழுதார். வந்து போன பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அத்தனை பேரும் பாசக்காரர்கள். அங்கே ஒரு கெட்டவர் இருந்திருந்தால் நான் ஆசை தீரச் சண்டை பிடித்திருப்பேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் குசினிக்குள் போய் உம்மாவிடம் கத்தினேன்.

"உம்மா, அது தனிய வளரல்ல. சுத்தியிருக்கிற கலங்கள் அத வளக்குது."

"அப்ப அதுகளும் கெட்டுப்போச்சா?"

"இல்ல, நல்ல கலங்கள்தான். வளர உதவி செய்யிறது அதுகள்ட வேலை. யாருக்குச் செய்யிறமெண்டு அதுகளுக்குத் தெரியா. நாள் போகப் போக அது பெருக்கும். இண்டைக்கே போகணும் உம்மா!"

உம்மா சூப்பில் உப்புப் பார்த்தார். "அல்லாஹ் காப்பாத்துவான்" என்று சொல்லிக் கிண்ணத்தை உள்ளறைக்குக் கொண்டுபோனார்.

நான் லீவை நீட்டிக்கொண்டு கிடந்தேன். இத்தா முடிந்த காலை, தங்கச்சி குளித்து, பச்சைச் சேலை உடுத்து, வெயிலில் கண் கூச முற்றத்துக்கு வந்தாள். "வா ராத்தா, இப்ப போவம்" என்று சிரித்தாள். கடமையை முடித்தவளின் சிரிப்பு. எனக்கு அவளை அறைய வேண்டும்போலவும் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

டொக்டர் அவளுடைய கக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு நாள்?" என்று என்னிடம் கேட்டார். கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே வெட்டினார்கள், கதிர் பாய்ச்சினார்கள். அதற்குள் அது நுரையீரலுக்குப் போயிருந்தது. முதல்நாளே போயிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. அதை யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாமை இன்றுவரை என்னைத் தின்கிறது.

கடைசியில் அவளைத் திரும்ப அதே உள்ளறையில்தான் கிடத்தினோம். ஒரு கரண்டி தண்ணீர் இறங்குவதே பெரும்பாடு. உம்மா மட்டும் சூப் வைப்பதை நிறுத்தவில்லை. ஒரு பின்நேரம் அடுப்படியில் இருந்தபடி என்னைக் கேட்டார்.

"புள்ள, அந்த நல்ல கலங்களுக்கு ஆராச்சும் சொல்லி நிப்பாட்ட ஏலாதா?"

"அதத்தான் தேடுறம், உம்மா. இன்னும் கிடைக்கல்ல."

உம்மா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுத்தார்.

"எங்களுக்கு நீ சொன்னாய்தானே. நாங்க கேட்டமா?"

உள்ளறையில் தங்கச்சி இருமினாள். உம்மா சூப்பைக் கிண்ணத்தில் வார்த்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.