பொன்னுத்தாய் அமுக்கிய பச்சைப் பொத்தான்

சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். வடகரப்பதியில் எங்கள் வீட்டிலிருந்து பொழுது சாய்ந்தபிறகு கறிச்சோறு எடுத்துப் போனால், வழியில் எதுவும் அண்டக்கூடாது என்று அம்மா தூக்குப்போசிக்குள் ஒரு கரித்துண்டைப் போட்டுத்தான் கொடுப்பார். நான் வாசலைத் தாண்டியதும் அதை எடுத்து வாய்க்காலில் எறிந்துவிடுவேன். அப்படிப்பட்ட ஆள் நான். படித்தது எலெக்ட்ரானிக்ஸ். வேலை பார்ப்பது பாலக்காட்டுப் பக்கம், விண்வெளித் தொழில்நுட்பத்தில் புதுசாக எதையாவது செய்து பார்க்கிற ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தில். பெயர் வேண்டாம், விடுங்கள். பேய் பிசாசுக்கு அங்கே இடமில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

எங்கள் குழு செய்தது ஒரு மஞ்சள் பெட்டி, டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மலையில் மண் சரிந்தால் முதலில் போவது செல்போன் டவர், அப்புறம் யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று வெளியே தெரியவே நாளாகிவிடும். இந்தப் பெட்டிக்கு டவர் வேண்டாம். வானத்தில் சுற்றுகிற ஒரு சின்ன செயற்கைக்கோளிடம் நேராகச் சொல்லிவிடும், அது எங்கள் மையத்துத் திரையில் காட்டும். இரண்டே பொத்தான். பச்சையை அமுக்கினால் 'சுகம்', சிவப்பை அமுக்கினால் 'உதவி'. எந்தப் பெட்டி, எந்த இடம், எவ்வளவு உயரம் என்பதும் கூடவே வந்துவிடும்.

சோதனைக்காக மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சில வீடுகளுக்குக் கொடுத்திருந்தோம். தினமும் காலையில் ஒருமுறை பச்சையை அமுக்கச் சொல்லியிருந்தோம். எல்லோரும் அப்படியே செய்தார்கள், ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் அந்தியிலும் ஒரு 'சுகம்' வரும். மழையானாலும் தீபாவளியானாலும் வரும். அதனால் அந்தப் பெட்டியின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துகொண்டே இருந்தது, அதை மாற்றிவிட்டு ஒருமுறை மட்டும் அமுக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

அது பொன்னுத்தாய் வீடு. ஐம்பதைத் தாண்டியவர், கொழுந்து எடுக்கிற வேலை, லயம் என்று சொல்கிற அந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். புருஷன் முருகேசன் சில வருஷம் முன்னால் ஒரு மழையில் தேயிலைச் சரிவோடு போனவர். கூடப் போன இரண்டு பேரின் உடல் கிடைத்தது, அவருடையது கிடைக்கவே இல்லை.

"ஏனுங்கம்மா, காலையில ஒருக்கா அமுக்குனாப் பத்தாதுங்களா? சாயங்காலமும் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் அடுப்பில் தேயிலைத் தண்ணி வைத்துக்கொண்டே சொன்னார். "காலையில அமுக்குதது ஒங்களுக்கு தம்பி. சாயங்காலம் அவுகளுக்கு. வேல முடிஞ்சு நான் வீடு சேந்துட்டேனான்னு அவுக பாத்துக்கிட்டே இருப்பாக. இது மேலதான போவுதுன்னு நீங்கதான சொன்னிய?"

நான் பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்தேன்.

"பதிலும் தருவாக," என்றார், சாதாரணமாக. "அந்தா அந்தச் சின்ன பல்பு ரெண்டு தரம் மினுங்கும். வெரசாத் தூங்கப் போன்னு அர்த்தம்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டி சொல்லத்தான் செய்யும், கேட்காது. பிற்காலத்தில் பதில் அனுப்புகிற வசதி வந்தால் உதவும் என்று ஒரு பல்பைப் பொருத்தி வைத்திருந்தோம், அவ்வளவுதான். பேட்டரி மாற்ற நான்தான் மூடியைத் திறந்தேன், பல்பின் இரண்டு கம்பியும் எதிலும் சேராமல் சும்மா நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். அதை அவரிடம் காட்டவும் செய்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, சாயா குடிங்க," என்றார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீழே ரோட்டில் மரம் விழுந்துவிட்டது, இப்போது இறங்க முடியாது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முருகேசனைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சளி பிடித்தால் குழந்தை மாதிரி அடம்பிடிப்பாராம், மூணாறுக்குப் போனால் வளையல் அளவு தெரியாமல் எப்போதும் பெரிதாகவே வாங்கி வருவாராம். கையை ஆட்டிக் காட்டினார், வளையல் முழங்கை வரைக்கும் ஓடித் திரும்பியது. அழவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இருட்டத் தொடங்கியதும் எழுந்து முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு, அலமாரித் தட்டில் இருந்த பெட்டியின் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

நம்பினால் நம்புங்கள், பல்பு மினுங்கியது. ஒன்று. இரண்டு. அதோடு நிற்கவில்லை. மினுங்கிக்கொண்டே இருந்தது, வரவர வேகமாக, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. எந்தக் கம்பியில் எந்தக் கரண்ட் என்று என் மூளை தேடிக்கொண்டிருக்கிறது.

பொன்னுத்தாய் முகம் மாறிவிட்டது. "இப்பிடி நிக்காம மினுங்குனதே இல்ல. தம்பி, கெளம்புங்க. அவுக கூப்புடுதாக."

"எங்கீங்கம்மா?"

"வெளிய! கேள்வி கேக்காதிய, வெளிய வாங்க!"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த மழையில் இறங்கினார். வரிசையில் ஒவ்வொரு கதவாக அறைந்தார். "எந்திரிங்க, பிள்ளையளத் தூக்குங்க, மேல பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!" சிலர் திட்டினார்கள், ஆனால் அவர் குரலில் என்ன இருந்ததோ, திட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசிக் குடும்பம் பள்ளிக்கூட மேட்டில் கால் வைத்திருக்கும், பின்னால் லாரி மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அந்த லாரி நிற்கவே இல்லை. லயத்தில் பாதி காணோம். பொன்னுத்தாய் வீடு இருந்த இடத்தில் சேறும் தேயிலை மரத்து வேருமாகக் கிடந்தது. ஆள் ஒருவருக்கும் சேதமில்லை, ஒரு ஆட்டுக்குட்டி போனதுதான்.

அன்று ராத்திரி எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படுத்தோம். விடிந்ததும் பொன்னுத்தாய் மண்மேட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "பெட்டி போயிருச்சே தம்பி. நான் சுகமா இருக்கேன்னு இனி அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

வேறு பெட்டி தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினார், சமாதானமாகவில்லை.

அன்று முழுக்க ரோடு சரியாகாததால் நானும் அங்கேயேதான் இருந்தேன். போனுக்குச் சிக்னல் லேசாகத் திரும்பியிருந்தது. அந்தி நேரம், பள்ளிக்கூட வராந்தாவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள், பொன்னுத்தாய் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மையத்திலிருந்து என்கூட வேலை பார்க்கிற ரேவதி கூப்பிட்டாள்.

"அண்ணா, பொன்னுத்தாயம்மா பொட்டி மண்ணுக்குள்ள போயிருச்சுன்னு சொன்னீங்கல்ல? இப்ப அதுல இருந்து மெசேஜ் வந்திருக்குதுங்கண்ணா."

"என்ன மெசேஜ்?"

"சுகம்னு."

நான் பொன்னுத்தாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் கஞ்சித் தட்டு. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிட்டேன். தட்டைக் கீழே வைத்தார். அப்புறம் அந்தப் பெரிய வளையலை மெல்லத் தடவிக்கொண்டே, "நான் அமுக்கலயே தம்பி," என்றார். "இத்தன நாளும் நான் சுகம்னு நாந்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அவுக எங்க கெடக்காகளோ, எப்பிடி இருக்காகளோன்னு எனக்குத்தான் தெரியாம இருந்துச்சு. இன்னைக்கு அவுக சொல்லிட்டாக."

அப்போதுதான் அழுதார். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, ஆனால் கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பிவிட்டு அழுவார்களே, அந்த அழுகை. பிறகு தட்டை எடுத்துக் கஞ்சியை முழுக்கக் குடித்தார். இப்போது எஸ்டேட்டில் வேறு வீடு கொடுத்திருக்கிறார்கள். புதுப் பெட்டியும் கொடுத்தேன், காலையில் ஒருமுறைதான் அமுக்குகிறார்.

பழைய பெட்டியைப் பிறகு தோண்டி எடுத்தார்கள், தகரம் மாதிரி நசுங்கிப் போயிருந்தது. எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்துவிட்டேன். செயற்கைக்கோளில் தங்கிப்போன பழைய மெசேஜ் தாமதமாக வந்திருக்கும் என்று ரேவதி சொல்கிறாள், இருக்கலாம். ஆனால் பாலக்காடு வந்ததும் முதல் வேலையாக அந்த மெசேஜில் என்ன இடம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தேன். பொன்னுத்தாய் வீடு இல்லை. பெட்டி ஒருநாளும் போகாத அந்தப் பள்ளிக்கூட வராந்தா. உயரம் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தவில்லை, சுற்றியிருக்கிற எந்த மலைக்கும் பொருந்தவில்லை, எல்லாவற்றையும் விட மேலே இருந்தது. அந்த இடத்தில் அந்த உயரத்தில் மேகத்தைத் தவிர எதுவும் இருக்க முடியாது. நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் மேலே.

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை 'சுகமா?' என்பதுதான், உங்களுக்கே தெரியும். இப்போதெல்லாம் அந்தி நேரத்தில் யாராவது அப்படிக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் என் தலை தானாக ஒருமுறை மேலே நிமிர்ந்துவிடுகிறது.