நாலாவது சரணம்

என் மனைவியை ஊரில் பாதிப் பேர் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். பங்க் ராக் குழுவில் டிரம் வாசிப்பவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறு என்ன இருக்கிறது? மேடை ஏறினால் அதிகாரி, முதலாளி, போலீஸ் என்று ஒருவர் விடாமல் "டேய்" போடுகிற குழு அது. அதே வாய் வீட்டுக்கு வந்தால் என்னை "ஏங்க" என்று கூப்பிடும். இது மட்டும் வெளியே தெரிந்தால் குழுவின் மானமே போய்விடும் என்று என் மச்சான் சொல்வான்.

நான் பஸ் ஓட்டுகிறவன். அவளை முதலில் பார்த்ததே என் பஸ்ஸில்தான். பெரிய டிரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் வைத்தாள். சீட்டில் வைத்தால் அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் விறைப்பாகச் சொன்னார். மறுபேச்சுப் பேசாமல் இரண்டு டிக்கெட் எடுத்தாள். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. ஒரு வயதானவர் டிரம்மைப் பார்த்து முறைத்தார். அவள் எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, கடைசி நிறுத்தம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரம் உட்கார்ந்தபடி வந்தது. "அதை எடுத்து மடியில வச்சுக்க வேண்டியதுதானே?" என்று இறங்கும்போது கேட்டேன். "அது டிக்கெட் வாங்கியிருக்கு சார்" என்றாள். விதி என்று ஒன்றை வைத்தால் அது தன் காலையே மிதித்தாலும் மாற்றமாட்டாள். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, கல்யாணம் செய்துகொண்டேன்.

பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. குழுவில் மூன்றே பேர். பாடுகிறவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கிதார் வாசிப்பது அவளுடைய தம்பி. என் மச்சானான அவன், பொய்ப்பல் கட்டிக் கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறான். ஒரு டயர் கிடங்கில் ஒத்திகை பார்த்தார்கள். முதல் நிகழ்ச்சிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். நான்கு பேர் சொந்தக்காரர்கள், ஒருவர் முகவரி மாறி வந்தவர். வழிதவறி வந்த அந்த மனிதர்தான் கடைசிவரை கைதட்டினார் என்று அவள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள்.

குழுவுக்கு விதி இரண்டு. முதலாவது, எதைச் செய்தாலும் மூன்று பேரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது அங்கேயே செத்தது. தலைவர் கிடையாது, பெரும்பான்மை கிடையாது, அதுதான் எங்கள் அரசியல் என்பார்கள். அந்த அரசியலின் லட்சணம், பதினான்கு மாதம் சண்டை போட்டும் குழுவுக்கு ஒரு பெயர் வைக்க முடியவில்லை. சுவரொட்டி அடிக்கிறவர் பொறுமை இழந்து 'அந்த மூணு பேர்' என்று அடித்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

இரண்டாவது விதி இவள் போட்டது. குழு வெளியிட்ட கேசட் உறையின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே அச்சாகியிருக்கும்: 'இந்தப் பாட்டுகள் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் பாடலாம். எங்களைக் கேட்க வேண்டாம்.' காற்றுக்கும் மழைக்கும் யாராவது உரிமை கொண்டாடுவார்களா என்று அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவர்களுடைய பாட்டுகளில் ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, 'கதவைத் திற'. அது பிறந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு நிர்வாக அதிகாரி இருந்தார். படுக்கை விரிப்புகள் களவு போகின்றன என்று சொல்லி, வேலை நேரம் முழுக்கச் சலவைக்கூடத்தை வெளியிலிருந்து பூட்டி வைக்க உத்தரவு போட்டார். சாவி அவர் சட்டைப் பையில். ஒரு நாள் மத்தியானம் உள்ளே நீராவிக் குழாய் வெடித்தது. பதினேழு பெண்கள் உள்ளே. என் மனைவி கதவை ஓங்கித் தட்டினாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். யாராவது வருகிறார்களா என்று காதைக் கொடுப்பாள், மறுபடி மூன்று தட்டு. பியூன் மாடிக்கு ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னார். அங்கே யாரோ பெரிய மனிதரோடு விருந்து நடந்துகொண்டிருந்தது. "சாப்பிட்டுட்டு வரேன்னு சொல்லு" என்றாராம். கதவு திறக்க நாற்பது நிமிடம் ஆனது. உயிர் போகவில்லை. ஆனால் அவர்களில் மூத்தவரான பெரியக்காவுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. விசாரணை நடந்து, குழாய்தான் குற்றவாளி என்று முடிவானது.

பாட்டில் வரும் டிரம் தாளம் அவள் கதவைத் தட்டிய அதே தட்டுதான். மூன்று, நிறுத்தம், மூன்று. முதல் மூன்று சரணத்தில் பூட்டிய கதவு வருகிறது, புழுக்கம் வருகிறது, வெளியே நடக்கிற காலடிச் சத்தம் வருகிறது. எந்தக் கதவு, யார் பூட்டியது என்பது நாலாவது சரணத்தில் இருந்தது. பதிவு செய்கிற அன்று வாத்தியார் நாலாவது சரணம் வேண்டாம் என்றார். அந்த வாரம்தான் அவருக்குப் பள்ளிக்கூட வேலைக்கான நேர்முகத் தேர்வு. ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். விதி விதிதான். சரணம் போனது. மற்றதெல்லாம் கேசட்டில் வந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். இயந்திரம் சுற்றும்போது முணுமுணுப்பார்கள். ஒரு சரணம் குறைகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

வருடங்கள் ஓடின. குழு எப்போதாவது வாசித்தது. வாத்தியாருக்கு முடி கொட்டியது. அந்த அதிகாரி வேலையை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனார். போன வருடம் நகராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். மூடிக் கிடக்கிற எல்லாக் கதவுகளையும் திறக்கப் போகிறாராம். அவருடைய ஆட்கள் பொருத்தமான பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகப் போட்டார்கள். ஆமாம், அதே பாட்டு. அது யாரைப் பற்றியது என்று அவருக்கும் தெரியாது, அவர் ஆட்களுக்கும் தெரியாது. தெரிய வேண்டிய சரணம்தான் கேசட்டில் இல்லையே.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு கூட்டத்தில் அவர், "நம்ம ஆஸ்பத்திரியிலே வேலை பார்க்கிற சகோதரி ஒருத்தங்களோட குழு மனசார எனக்குக் குடுத்த பாட்டு இது" என்று ஒரு போடு போட்டார். மறுநாளே சலவைக்கூடத்தில் இவளோடு யாரும் பேசவில்லை.

என் பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி வாசல்தான் கடைசி நிறுத்தம். திருப்புவதற்கு முன் பத்து நிமிடம் கிடைக்கும். பின்பக்கத்தில் நிறுத்தினால் சலவைக்கூடத்து ஜன்னல் தெரியும். அங்கே விரிப்பு மடிக்கிற வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, பின்னால் போய், திரும்ப வருவார்கள். இருபது வருடமாக இவளுக்கு எதிர் முனையில் பெரியக்கா. இப்போது எதிரே யாரும் இல்லை. இவள் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தானே இழுத்து, தானே ஓடி மடித்துக்கொண்டிருந்தாள். தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். இரண்டு முறை பட்டது.

"அவங்ககிட்ட எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?" என்று வீட்டில் கேட்டேன்.

"சொன்னேங்க. யார் வேணும்னாலும் பாடலாம்னு எழுதினது யாருன்னு பெரியக்கா கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். அதுக்கு மேல அவங்களும் கேக்கல, நானும் பேசல."

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சமையலறையில் குழு கூடியது. வாத்தியார் வக்கீலிடம் போய்வந்திருந்தார். உறையில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் தடுக்க வழி இருக்கிறதாம். வக்கீல் எழுதிய கடிதத்தைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். அவர் சரி என்றார். மச்சான் சரி என்றான். இருவரும் இவளைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்" என்றாள்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. டீ போடுகிற வேலை மட்டும்தான். இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "உனக்குப் பைத்தியமா? அங்க ஒரு நாய் கூட உன்னைத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. நீ இங்க விதி பேசிட்டு உக்காந்திருக்கே!"

"பிடிச்சவங்க மட்டும் பாடலாம்னு நான் எழுதலீங்க" என்றாள் நிதானமாக. "யாரும் பாடலாம்னா அந்த ஆளும்தான். நமக்கு வலிக்குதுன்னு இப்ப அந்த வரியை அடிச்சுட்டா அப்புறம் அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப என்னக்கா பண்றது? காதைப் பொத்திக்கிறதா?" என்றான் மச்சான்.

"யாரும் பாடலாம். அப்ப நாமளும் பாடலாம்ல? முழுசாப் பாடுவோம். நாலாவது சரணத்தோட."

வாத்தியார் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. தேர்தல் கூட்டத்தில் போய் ஒரு வேட்பாளரைச் சீண்டினால் அது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது.

"அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னதுல தப்பில்ல வாத்தியாரே" என்றாள். "அடுத்த வருஷம் நான் மறுபடி கேட்டிருக்கணும். கேக்கல. பாட்டு ஓடுது, பேர் கிடைக்குது, போதும்னு விட்டுட்டேன். பெரியக்கா கையைத் தினம் பாத்துக்கிட்டே இருந்தும் விட்டுட்டேன்."

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அதற்கு முன் இரண்டு தடவைதான். வாத்தியார் டம்ளரைத் தள்ளி வைத்தார். "சரி" என்றார். பிறகு, "வரி மறந்துபோச்சு இடி. எழுதிக் குடு" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மைதானத்தில் அந்த ஆளின் கூட்டம். வேலை முடிந்து சலவைக்கூடத்துப் பெண்கள் வெளியே வருகிற நேரம். நான் விடுப்புப் போட்டிருந்தேன். வாசலுக்குப் பக்கத்து நடைபாதையில் மூவரும் நின்றார்கள். இவளிடம் ஒரே ஒரு டிரம். மச்சான் கையில் கிதார், காலடியில் பேட்டரியில் ஓடும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. வாத்தியாருக்கு மைக் கிடையாது. நான் எதற்கு என்கிறீர்களா? டிரம்மை நகராமல் பிடித்துக்கொள்ள. அதன் கால் ஒன்று உடைந்திருந்தது.

மேடையில் பாட்டைப் போட்டார்கள். அவர் சிரித்தபடி கையசைத்தார். வாசலுக்கு வந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று சரணமும் முடிந்து ஒலிபெருக்கி ஓய்ந்தது. பேச்சைத் தொடங்க அவர் தொண்டையைச் செருமினார்.

அந்த இடைவெளியில் இவள் தட்டினாள். மூன்று தட்டு, நிறுத்தம். மூன்று தட்டு. கிதார் சேர்ந்தது. இருபத்திரண்டு வருடம் மூட்டை கட்டி வைத்திருந்ததை வாத்தியார் அவிழ்த்தார்.

"சாவி எங்கே? சட்டைப் பையில்!
சட்டை எங்கே? சாப்பாட்டு மேசையில்!
உள்ளே யாரு? துணி துவைக்கிறவங்க!
எவ்வளவு நேரம்? எவ்வளவு நேரம்?"

அடுத்த வரி அவருக்கு எட்டவில்லை. குரல் கிழிந்து காற்றுதான் வந்தது. இவள் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று, நிறுத்தம். மூன்று, நிறுத்தம். நான் டிரம்மை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நாப்பது நிமிஷம்!"

பின்னாலிருந்து வந்தது குரல். பெரியக்கா நடைபாதையில் நின்றிருந்தார். அந்தச் சரணத்தை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. பதில் மட்டும் அவருக்குத் தெரியும். கோடையிலும் முழுக்கை போடுகிறவர் அவர். வலது கைத் துணியை முழங்கை வரை சுருட்டிவிட்டு, மேடையைப் பார்த்து அந்தக் கையை உயர்த்தினார். "நாப்பது நிமிஷம்!" என்றார் மறுபடி. மற்ற பெண்களும் சொன்னார்கள். மேடையில் இருந்தவருடைய சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கியது. யாரோ ஒலிபெருக்கியில் வேறு ஏதோ பாட்டைப் போட்டார்கள்.

பொய் சொல்லமாட்டேன், தேர்தலில் அவர்தான் ஜெயித்தார். ஒரு சரணத்தால் ஊர் மாறிவிடாது. வண்டியில் அந்தப் பாட்டு மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவராகவே விட்டுவிட்டார். வாத்தியாரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பாட்டில் யார் பெயரும் இல்லை என்று பதில் எழுதிப்போட்டு, ஆறு மாதத்தையும் ஓட்டிவிட்டார்.

நடைபாதையில் பாடிய மறுநாள் மத்தியானம் பஸ்ஸைப் பின்பக்கம் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தேன். இவள் வழக்கம்போல ஒரு முனையை மேசையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பெரியக்கா வந்தார். மேசையில் கிடந்த முனைகளைக் கையில் எடுத்து, பின்னால் நடந்துபோய், விரிப்பை ஒரு உதறு உதறினார். பிறகு இருவரும் நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள்.

அன்றைக்கு என் பஸ் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பயணிகள் திட்டினார்கள். திட்டட்டும் என்று ஓட்டினேன்.