பூட்டிக்கொண்டே இருந்த கணக்கு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள். வேங்கிக்காலைத் தாண்டி ஒரு விதை கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஆபீசில் யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும், பெயரையும் பாஸ்வேர்டையும் சர்வர்தான் சரிபார்த்து உள்ளே விடும். ஐந்து முறை தப்பாக அடித்தால் அந்தக் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

விதை முளைக்கிறதா என்று சோதிக்கும் லேபில் ஒரு மேடம் இருந்தார். தொடர்ந்து மூன்றாவது நாளாக போன் செய்தார்.

"நான் இன்னும் ஒரு தடவகூட தப்பா அடிக்கலைங்க. அதுக்குள்ள லாக்குனு வருது."

பூட்டை எடுத்துவிட்டு, சர்வரின் பதிவுகளைப் பார்த்தேன். வரிசையாகத் தப்பான பாஸ்வேர்டுகள். எல்லாம் மேனேஜர் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள் என்று மேடம் மதியமே கிளம்பிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்தம்மா பாஸ்வேர்டை மாத்தி எங்கிட்ட குடுங்க."

"அவங்களுக்குத் தெரியாமயா சார்?"

"சொன்னதைச் செய்ங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாற்றி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

காலையில் மேடம் என் அறைக்கே வந்தார். "என் பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குதுங்க."

நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. புதிய பாஸ்வேர்டைப் போட்டு இருவரும் உள்ளே போய்ப் பார்த்தோம். முளைக்காது என்று அவர் தள்ளிவைத்திருந்த மல்லாட்டை விதை லாட், ஒரு லாரி நிலக்கடலை மூட்டைகள், அவர் பெயரிலேயே தேறியிருந்தது.

"கைப்பட எழுதின ரிஜிஸ்டர் எங்கிட்ட இருக்கு. நீங்க பாத்த பதிவை பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனார். கோடவுனில் விசாரித்தால், அந்த விதையை ஏற்றிய லாரி முந்தின நாள் சாயங்காலமே செங்கம் பக்கம் போய்விட்டிருந்தது.

அதிகாரிகள் பாதி மூட்டைகளைக் கடைகளிலேயே பிடித்துவிட்டார்கள். மீதி விதைப்புக்குப் போய்விட்டது. மேனேஜரைக் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றியது. மேடம் தானாகவே ராஜினாமா செய்துவிட்டார்.

அடுத்த மழைக்குப் பிறகு ஒரு விவசாயி ஆபீசுக்கு வந்தார். அன்று வாசல் மேஜையில் இருந்தவன் நான்தான். மேஜைமேல் துண்டைப் பிரித்தார். ஈர மண்ணோடு ஊறி அழுகிய மல்லாட்டைப் பருப்பு.

"தோண்டிப் பாத்தேங்க. ஒண்ணுகூட முளைக்காம மண்ணுக்குள்ளயே கெடக்குது."

நான் யார் என்று அவர் கேட்கவில்லை.