கையில் ஒட்டிய நன்மை

நான் நன்மையைக் களவெடுத்தவள் என்று நெடுந்தீவில் ஒரு பேச்சு இருந்தது. பூசையில் பாதர் தரும் நற்கருணை அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். அதை நான் உட்கொள்ளாமல் கைக்குள் பொத்திக்கொண்டு போனேனாம். செய்வினைக்காரன் எவனுக்கோ கொடுக்கப் போனேனாம். இதை வாசிக்கிறவர்களில் சிலர் அந்தக் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். இனி என் வாயால் கேளுங்கள். ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகிறவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் கை வியர்க்கும். வெயிலில் எல்லோருக்கும் வியர்க்கும்தானே என்பீர்கள். எனக்கு மாரி மழையிலும் வியர்க்கும், சும்மா கதிரையில் இருக்கும்போதும் வியர்க்கும். உள்ளங்கையில் பொட்டுப் பொட்டாகத் தொடங்கி விரல் நுனியால் சொட்டும். பாதமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சோதனை எழுதும்போது தாள் நனைந்து கிழியும். கைக்குக் கீழே லேஞ்சியை, கைக்குட்டையை, மடித்து வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். அந்த லேஞ்சிக்குள் விடை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஒரு ரீச்சர் அதை உதறிப் பார்த்தார். ஈரத்தைத் தவிர ஒன்றும் விழவில்லை.

இதை ஒரு நோய் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பயந்த பிள்ளை என்றார்கள். சூட்டு உடம்பு என்றார்கள். நன்னாரி அவித்துக் குடித்தேன். படிகாரம் கரைத்த தண்ணீரில் கை ஊற வைத்தேன். முகத்துக்குப் போடும் பவுடரை நான் கைக்குப் போட்டேன். அது கொஞ்ச நேரத்தில் களியாகிவிடும். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, கையை ஒருவருக்கும் கொடுக்காமல் இருப்பது. வள்ளத்தில் ஏறும்போது யாராவது கை நீட்டினால் நான் பக்கத்துக் கயிற்றைப் பிடிப்பேன். எனக்குத் தலைக்கனம் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

கோயிலில் மட்டும் எனக்குக் கரைச்சல் இருக்கவில்லை. முதல் நன்மை எடுத்த நாளிலிருந்து நாவில்தான் வாங்குவேன். கையைக் கூப்பி நின்றால் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு கொரோனா வந்தது. கோயில் மூடித் திறந்தபோது, இனி எல்லோரும் கையில்தான் நன்மை வாங்க வேண்டும் என்று பாதர் அறிவித்தார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் லேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

பல ஞாயிறுகள் நான் எழும்பிப் போகவில்லை. எல்லோரும் வரிசையில் போக நான் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குமர்ப்பிள்ளை நன்மை எடுக்காமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஏதோ பாவத்தில் இருக்கிறாள் என்றுதானே. அம்மாவிடமே ஒருத்தி கேட்டுவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து என்னோடு பேசாமல் சமைத்தார். அடுத்த ஞாயிறு நான் வரிசையில் போனேன்.

பாதர் நன்மையை என் இடது கையில் வைத்தார். நான் 'ஆமென்' சொல்லி வலது கையால் எடுக்கப் போனேன். வரவில்லை. ஈரத்தில் ஊறி உள்ளங்கையோடு ஒட்டிவிட்டது. நகத்தால் கிளப்பினேன். ஓரம் பிய்ந்தது. ஆண்டவருடைய உடல் என் கையில் பிய்கிறது! எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பொத்திக்கொண்டு, இடத்துக்குப் போய் நாக்கால் எடுப்போம் என்று நடந்தேன்.

வரிசைக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் கோயில் மூப்பர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் நல்ல மனிதர், கோயிலுக்காக உயிரையும் விடுவார். அதுதான் வினையாகப் போயிற்று.

"நன்மையை எங்க பிள்ளை கொண்டு போறீர்? கையைத் திறவும்."

கையைத் திறந்தேன். வெள்ளையாக, கூழாக இருந்தது. முழங்கை வழியாக வியர்வை ஓடியது. குற்றம் செய்தவளுக்குத்தான் இப்படி வியர்க்கும் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பாதர் இறங்கி வந்து, அதை உட்கொள்ளச் சொன்னார். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் அழுதழுது என் கையை நக்கினேன்.

பூசை முடிந்தபின் பாதர் என்னைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். கை வியர்க்கும் என்றேன். மனதைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பயப்படாமல் வந்தால் வியர்க்காது என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பான சொல் என்னை மூப்பரின் பிடியைவிடக் கூடுதலாக நோகடித்தது. அப்படியென்றால் என் மனது சுத்தமில்லையா?

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். சில தாய்மார் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். அப்பா கடல்தொழிலுக்குப் போய்வந்து, கரையில் யாரோ ஏதோ கேட்டார்கள் என்று சொல்லாமல் சொல்லி, வலையை உதறிக்கொண்டே இருப்பார். அம்மா என்னை ஒரு செபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒருவர் என் தலையில் கைவைத்து, ஒளித்து வைத்த பாவம் ஒன்று இருக்கிறது, அதை அறிக்கையிட்டால் கை காயும் என்றார். நான் வீட்டுக்கு வந்து என் வாழ்க்கை முழுவதையும் கிண்டிப் பார்த்தேன். கை காய்வதற்கு ஏற்ற அளவுக்குப் பெரிய பாவம் ஒன்றும் அகப்படவில்லை. செய்யாத பாவத்தையாவது சொல்லுவோமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு கேவலமாகிப் போனேன்.

கடைசியில் யாரோ சொன்னார்களென்று வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை வலது கையில் தடிப்பாகப் பூசித் துணியால் கட்டினேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்தேன். அவிழ்த்தபோது தோல் வெந்து துணியோடு வந்தது. வெந்த இடத்தைச் சுற்றி அப்போதும் வியர்த்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் கடற்கரைப் பக்கக் கல்வேலி ஓரமாகப் போய் இருந்தேன். ஒருவரும் இல்லை. செபமாலையைக் கொண்டுபோகவில்லை, மணிகள் வழுக்கும். முழந்தாளும் இடவில்லை. சண்டை பிடிக்கிற மாதிரித்தான் செபித்தேன். "ஆண்டவரே, இந்தக் கையை நீர்தானே தந்தீர். இதைக் காய வையும். ஏலாதெண்டா என்னை எடும். இரண்டும் செய்யாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்காதையும்." அழுகை நிற்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைக்கு மருந்து கட்டினேன்.

அது தவக்காலம். தியானம் கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிஸ்டர் வந்திருந்தார். நான் தியானத்துக்குப் போகவில்லை. அவர் நோயாளிகளின் வீடுகளைச் சந்தித்துக்கொண்டு வரும்போது, கை வெந்த பிள்ளை ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா கதிரை போட்டார். சிஸ்டர் இருக்காமல் நேரே வந்து, கட்டுப் போடாத என் இடது கையைப் பிடித்தார். நான் வெடுக்கென்று இழுத்தேன். அவர் விடவில்லை.

"இழுக்காதையும் பிள்ளை. என்ர கையை வடிவாப் பாரும்."

பார்த்தேன். அவருடைய உள்ளங்கை பளபளத்தது. விரல்களுக்கிடையே நீர் நின்றது. இரண்டு கையும் சேர்ந்திருந்த இடத்திலிருந்து நிலத்தில் ஒரு துளி விழுந்தது. அது யாருடைய வியர்வை என்று இன்றைக்கும் தெரியாது. என் வாழ்நாளில் அதுவரை ஈரமான இன்னொரு கையை நான் தொட்டதே இல்லை. உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

சிஸ்டர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இவ நித்திரை கொள்ளேக்க கை எப்பிடி இருக்கும்? காஞ்சு கிடக்குமோ?"

அம்மா என் கையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஓம் சிஸ்டர். நித்திரையில காஞ்சுதான் கிடக்கும். அப்பத்தான் நான் இவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறனான். முழிச்சிருக்கேக்க தரமாட்டாள்."

எனக்கு அது தெரியாது. கடவுள் சாட்சியாக, எனக்கு அது தெரியவே தெரியாது.

"இது பாவமில்லை, பயமுமில்லை, உடம்பு வருத்தம்," என்றார் சிஸ்டர். "எனக்கும் சின்ன வயசில இருந்து இருக்கு. மருந்து இருக்கு. என்ர கை இப்ப எவ்வளவோ குறைவு, முந்திப் பார்த்திருந்தா ஓடியிருப்பீர்." நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். நன்மை ஒட்டிய கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் கையிலும் ஒட்டும் என்றும், தான் விரலால் எடுப்பதே இல்லை என்றும், கையில் தண்ணீர் அள்ளிக் குடிக்கிற மாதிரி குனிந்து வாயால் எடுப்பதாகவும் சொன்னார். அதுவும் மரியாதையான முறைதானாம்.

அடுத்த கிழமை அம்மாவும் நானும் வள்ளமேறிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். தோல் வைத்தியர் என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். நித்திரையில் வியர்க்குமா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா, எப்போது தொடங்கியது என்று கேட்டார். தைரொயிட்டுக்கும் சீனி வருத்தத்துக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரண்டும் இல்லை. பிறகு விளங்கப்படுத்தினார். இதற்கு அதிவியர்வை என்று பெயர். வியர்வைச் சுரப்பியில் பிழை இல்லை, அதற்குக் கட்டளை கொடுக்கும் நரம்பு தேவைக்கு மேல் கட்டளை கொடுக்கிறது. சிலருக்கு இது குடும்பத்தில் வரும். பதற்றப்பட்டால் கூடும், ஆனால் பதற்றம் அதன் காரணம் இல்லை. தொற்றாது. சுண்ணாம்பு பூசிய கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் ஏசாமல், இனி இதைச் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

இரவில் கையை நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் பூசி, காலையில் கழுவ ஒரு திரவம் தந்தார். வெந்த கை ஆறும்வரை இடது கைக்கு மட்டும். அது போதாவிட்டால், கையைத் தண்ணீர்த் தட்டில் வைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் முறை இருக்கிறது, விழுங்கும் குளிசை இருக்கிறது, ஊசி இருக்கிறது என்றார். சத்திரசிகிச்சையும் உண்டு, ஆனால் அதன்பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கூடலாம் என்பதால் அதைப் பற்றி அவசரப்படக் கூடாது என்றார். முற்றாக மாறும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது வள்ளத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முன் நான் பாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து, "எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை, மன்னியும்" என்றார். உமக்கு மட்டும் நாவில் தருகிறேன் என்றும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். எந்தக் கையைப் பார்த்து ஊர் கதைத்ததோ அந்தக் கையில்தான் வேண்டும் என்றேன். என் சுபாவம் அப்படி.

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் வரிசையில் நின்றேன். மருந்து தொடங்கிக் கொஞ்ச நாள்தான். வியர்வை குறையத் தொடங்கியிருந்தது, ஆனால் அன்றைக்குப் பார்த்து ஊற்றியது. லேஞ்சியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. மூப்பர் வழக்கம்போலப் பக்கத்தில் நின்றார். திரும்பிப் போய்விடுவோமா என்று வாசலைப் பார்த்தேன். பாதர் நன்மையை என் கையில் வைத்தார். ஒட்டியது. நான் நின்ற இடத்திலேயே, எல்லோரும் பார்க்க, கையை உயர்த்திக் குனிந்து வாயால் எடுத்தேன். துண்டு துணிக்கை மிச்சமில்லை. வெறும் கையை மூப்பருக்கு விரித்துக் காட்டிவிட்டு நடந்தேன். அது கொஞ்சம் திமிர்தான். ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

இப்போது மின்சாரச் சிகிச்சைக்கு இடைக்கிடை யாழ்ப்பாணம் போய்வருகிறேன். நல்ல நாளில் கை காய்ந்திருக்கும், கெட்ட நாளில் சொட்டும். முன்பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் கை நீட்டினால் பிடிக்கிறேன். "ரீச்சரின்ர கை ஈரம்" என்பார்கள், "ஓம், அது ஒரு வருத்தம்" என்பேன், பிறகு விளையாடப் போவோம். மூப்பரை மன்னித்துவிட்டாயா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் செபித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

கல்வேலியோரத்தில் நான் கேட்டது காய்ந்த கை. ஆண்டவர் அனுப்பியது என்னுடையதைப் போலவே ஈரமான ஒரு கை. என் செபம் கேட்கப்படவில்லை என்று யாரும் என்னிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால் நன்னாரியையும் பாவத்தையும் தேடி அலையாதீர்கள். வைத்தியரிடம் போங்கள். போகும்போது செபித்துக்கொண்டு போங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு செபியுங்கள், அவர் கோபிக்கமாட்டார். அதுவரைக்கும் நன்மை எடுக்காமல் வாங்கில் இருந்துவிடாதீர்கள். கை காய்ந்த பிறகு வா என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. ஈரக் கையில்தான் வந்தார், வந்து ஒட்டிக்கொண்டார்.